பாடுகிறவரும் பொருள் சொல்கிறவரும்

பாரிகி, சுலவேசி
பிப்ரவரி 11, 1974

ரெனி அக்காவுக்கு,

மாதே எழுதுகிறேன். அம்மாவின் தகனத்துக்கு நான் வரவில்லை என்று நீ எழுதிய கடைசிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டவன்தான். போட்டிருந்தால் சண்டைதான் பெரிதாகியிருக்கும். அந்த மாதம் கப்பல் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை. அதை விடு. இப்போது எழுதுவது வேறு விஷயம்.

பான் சுத்ரி செத்துவிட்டார்.

அவரேதான். அப்பா பாட, பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் பொருள் சொன்னவர். அப்பாவின் வாயை அடைத்தவர். பாலியில் மலை வெடித்து நம் நிலமெல்லாம் சாம்பலில் போனபோது, இருக்கிற தீவுகளை எல்லாம் விட்டுவிட்டு, என்னை ஏற்றிய அதே கப்பலில் அவரையும் ஏற்றி, என் வேலிக்கு அடுத்த மனையையே அவருக்குக் கொடுத்த அரசாங்கத்தை என்ன சொல்ல! பத்து வருடம் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன். தென்னந்தோப்பில் விழுந்து கிடந்தாராம். நெஞ்சுவலி. இங்கே வழக்கம்போல இப்போதைக்குப் புதைத்திருக்கிறோம். அறுவடை முடிந்து ஆகஸ்டில், இந்தக் குடியேற்றத்தில் செத்த எல்லாரையும் தோண்டியெடுத்து ஒன்றாகத் தகனம் செய்வதென்று பஞ்சார் ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்திருக்கிறது.

நேற்று அவர் மகள் சுத்ரி, ஊரே அவரைப் பான் சுத்ரி, சுத்ரியின் அப்பா, என்று கூப்பிடக் காரணமானவள், வெற்றிலைத் தட்டோடு என் வாசலில் வந்து நின்றாள். அம்மாவும் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அந்த வீட்டில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

"அண்ணே, சடங்கன்னிக்கு நீங்கதான் பாடணும். பழைய பாட்டு தெரிஞ்சவங்க இங்க வேற யாரு இருக்காங்க?" என்றாள்.

நான் வெற்றிலையை எடுத்துக்கொண்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. நான் ஏன் எடுத்துக்கொண்டேன் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன்.

அப்பாவின் பெரிய பாட்டில் ஓர் இளவரசன் வருவானே. தன் அப்பனைச் சபையில் வைத்துக் கேலி செய்து காட்டுக்கு விரட்டிய அரசனைப் பழிவாங்கும்வரை சூடான சோற்றைத் தொடமாட்டேன் என்று, வருடக்கணக்காக ஆறிய சோறே தின்றவன். கடைசியில் அந்த அரசனின் சிதைக்கு முன்னால் நின்று சபிப்பானே, "உன் புகைக்கு வழி தெரியாமல் போகட்டும், உன் பேரைச் சொல்ல உன் வீட்டில் ஒரு நாக்கும் இல்லாமல் போகட்டும்" என்று. பொருள் நினைவில் இருக்கிறது. பழைய மொழிச் சொற்கள்தான் நழுவிவிட்டன. ஏடு உன்னிடம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் எழுதி அனுப்பு. ஊர் கூடியிருக்கும்போது பாடி, பொருளையும் நானே சொல்லிவிடப் போகிறேன். நம் அப்பாவுக்கு அவர் செய்ததைத்தான் திருப்பிச் செய்கிறேன்.

தம்பி,
மாதே


க்ளுங்குங் சந்தை, பாலி
மார்ச் 9, 1974

அடேய் மாதே,

இரண்டு வருடம் கழித்து ஒரு கடிதம். அதில் அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. என் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. சாம்பல் மூடிய நிலத்தில் இந்த வருடமாவது ஏதாவது முளைத்ததா என்று கேட்கவில்லை. முளைத்தது, சர்க்கரைவள்ளி. துரைக்கு ஏடு மட்டும் வேண்டும்.

கப்பல் இல்லை என்பதை நான் எப்போதோ நம்பிவிட்டேன். நம்பியும் கோபம் போகவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

உன் கடிதம் வந்தபோது கடையில் கூட்டம். பான் சுத்ரி செத்தார் என்று படித்துக்கொண்டே நின்றதில் காப்பி பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பஸ் ஓட்டுகிற பையன் ஒருவன், "என்னக்கா, புருஷன் கடுதாசியா?" என்றான். "புருஷன் இருந்தா உனக்கு எதுக்குடா நான் காப்பி போட்டுக்கிட்டு நிக்கிறேன்?" என்று சொல்லி விரட்டினேன். அப்புறம் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. செத்தவர் நமக்கு வேண்டாதவர்தான். ஆனாலும் அவரை நினைத்தால் அப்பாவும் கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஒருவரை விட்டு ஒருவரை எனக்கு நினைக்கத் தெரியவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? நாம் இரண்டு பேரும் கோயில் மண்டபத்துக்குப் பின்னால், படையலில் திருடிய வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருப்போம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரியை இழுத்துப் பாடுவார். யாருக்கும் ஒரு சொல்லும் புரியாது, ஆனால் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அப்பா பாடி முடித்துக் கள்ளுக் குவளையை எடுப்பார். பான் சுத்ரி ஒரு கையை முழங்காலில் வைத்து, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "என்ன சொல்றான்னா..." என்று தொடங்குவார். அதற்கப்புறம்தான் பெண்கள் அழுவார்கள், ஆண்கள் சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து நீ அப்பாவாகவும் நான் பான் சுத்ரியாகவும் விளையாடுவோம். வெற்றிலைக்குப் பதில் நான் கொய்யா இலையைத் தின்று வாந்தி எடுத்தேன்.

அந்த இளவரசனை எனக்கு அப்போதே பிடிக்காது. ஆண்கள் கட்டிய பாட்டெல்லாம் ஒரே மாதிரிதான். ஒருத்தனுக்குக் கோபம் வரும். உடனே இடி இடிக்கும், கடல் பொங்கும், பல்லைக் கடிக்கிற சத்தம் ஏழு நாட்டுக்குக் கேட்கும். அவனுக்கு வருகிற கோபத்துக்கு ஊர்க்காரன் வீடு ஏன் எரியணும் என்று எந்தக் கவிராயனும் கேட்டதில்லை. நெல் குத்தும்போது அம்மா பாடுவாளே, நெசவுக்காரி பாட்டு, அதில் பார். அவள் புருஷனை அரசன் வேடிக்கைக்காகப் போருக்கு அனுப்பிச் சாகடிக்கிறான். அவள் அந்த அரண்மனைக்கே தறி போட வருகிறாள். அரசன் கண் முன்னாலேயே அவனுடைய கோடித்துணியை நெய்கிறாள். "யாருக்கு இது, இவ்வளவு அழகாயிருக்கே?" என்று அவனே கேட்கிறான். "தேவைப்படுறவங்களுக்கு" என்கிறாள். கத்தியும் இல்லை, தீயும் இல்லை. பாவி, ஒவ்வொரு நாளும் அந்தத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே கிடந்து செத்தான். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

அந்த இடத்தை எழுதி அனுப்புவதா என்று யோசிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

ரெனி


பாரிகி
ஏப்ரல் 20, 1974

ரெனி அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டுவிட்டேன்.

உன் நெசவுக்காரி பழி வாங்கினாளா, அரண்மனையில் வேலை பார்த்தாளா? சொல். அரசன் நோய் வந்து தானாகச் செத்தான். அவள் கூலி வாங்கிக்கொண்டு துணி நெய்தாள். நன்றாக வேறு நெய்து கொடுத்தாள்! இதைப் பாடிப் பாடித்தான் நம் வீட்டுப் பெண்கள் எல்லாவற்றையும் பொறுத்துப் போனீர்கள். இளவரசன் அப்படியில்லை. அவன் கோபத்தை மறைத்துவைக்கவில்லை. எல்லாருக்கும் தெரிய ஆறிய சோறு தின்றான். கோபம் என்றால் அப்படி நாலு பேருக்குத் தெரிய இருக்க வேண்டும்.

பொம்மைக்கூத்தையும் எடுத்துக்கொள். அதில் எஜமானுக்குக் கோபம் வந்தால் பழைய மொழியில் முழங்குவார். அவருடைய வேலைக்காரக் கோமாளி அதை நமக்குச் சொல்கிற சாக்கில், "எங்க ராஜாவுக்குக் காலையில வெளிக்குப் போகல, அதான்" என்பான். எல்லாரும் சிரிப்போம். பான் சுத்ரி அப்பாவுக்குச் செய்தது அதுதான், அக்கா. அப்பாவின் பாட்டை அவர் கோமாளிக் கூத்தாக்கினார்.

நீ அன்று பின்னால் சமையலில் இருந்தாய். நான் மண்டபத்தில் இருந்தேன். கோயில் திருவிழா, நல்ல முற்பகல், ஊரே கூடியிருந்தது. ஏழைகளின் அணையை உடைத்துத் தண்ணீரைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிய அரசனைப் பற்றி அப்பா பாடினார். எவ்வளவு நன்றாகப் பாடினார் தெரியுமா? பான் சுத்ரி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"என்ன சொல்றான்னா, அந்த ராஜா செத்துட்டான்னு நெனைக்காதீங்க. மடையத் தொறந்த கை இன்னும் இருக்கு. இந்தா, நம்ம மண்டபத்துலயே ஏடு புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் தண்ணீர்ச் சங்கத்துக்காரர்களே சிரித்தார்கள். அப்பா ஏட்டை மூடினார், கயிற்றைச் சுற்றிக் கட்டினார், எழுந்து போனார். அதற்கப்புறம் சாகிறவரை ஒரு வரிகூடப் பாடவில்லை. அகதிக் கொட்டகையில் இருமிக்கொண்டு கிடந்தபோது, "ஒரே ஒரு பாட்டு, அப்பா" என்று நான் கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தப் பத்து வருடம் நான் எப்படி வாழ்ந்தேன் என்று உனக்குத் தெரியாது. முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசாத புயிக், அப்படி ஒரு புயிக். அவர் தெருவில் வந்தால் நான் திரும்பிப் போவேன். அவர் கோழி என் தோட்டத்தில் முட்டையிட்டால் முட்டையை வேலிமேல் வைத்துவிட்டு வருவேன், கூப்பிட்டுக் கொடுக்க மாட்டேன். அவர் அதை எடுக்க மாட்டார், வெயிலில் கெட்டுப்போகும். தினமும் சாயங்காலம் வேலை முடித்து வந்து, அப்பாவின் பாட்டில் எனக்குத் தெரிந்ததை வாய்விட்டுப் பாடுவேன். அந்த வீட்டில் சத்தம் அடங்கிவிடும். அவருக்கு உறைக்கட்டும் என்றுதான் பாடினேன். எனக்கு வேறு ஆயுதம் இல்லை.

எழுதி அனுப்பு. அவர் இந்த உலகத்தை விட்டு மரியாதையாகப் போகக் கூடாது.

மாதே


க்ளுங்குங்
ஜூன் 2, 1974

மாதே,

உன் கடிதத்தை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதை நீ எனக்கு இதுவரை சொன்னதில்லை.

கேட்டதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சாபம் நான்கு பாட்டு. அதற்குப் பிறகு ஏட்டில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறேன். நாம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். சாபம் முடிந்ததும் காங்கு மணியை அடித்துவிடுவார்கள், எல்லாரும் சாப்பிட எழுந்து போய்விடுவார்கள். வருடா வருடம் அப்படியே. கவிராயன் பாவம், எழுதிவைத்தது எழுதியபடி கிடக்கிறது.

அதில் என்ன வருகிறது தெரியுமா? இளவரசன் வீட்டுக்குப் போகிறான். அவன் அம்மா ஆவி பறக்கச் சோறு போட்டு வைத்திருக்கிறாள். இத்தனை வருடம் கழித்து மகன் சூடாகச் சாப்பிடப் போகிறான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவன் ஒரு வாய் வைக்கிறான், நாக்கு வெந்துவிடுகிறது. அவனுக்குச் சூடு தாங்கவில்லை. தட்டை ஜன்னலில் வைத்து ஆற வைத்துச் சாப்பிடுகிறான். அம்மா எழுந்து போகிறாள். அவ்வளவுதான் பாட்டு. இதைப் படித்துவிட்டு அந்த இளவரசன்மேல் எனக்கிருந்த வெறுப்பெல்லாம் போய்விட்டது. அடப்பாவமே என்று இருந்தது.

இனி எழுதப் போவதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா போவதற்குச் சில நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஒங்கப்பா மடையத் தொறந்தது நெசந்தான்டி. நம்ம நாத்து மஞ்சளாப் போகுதேன்னு பான் சுத்ரி வயலுக்குப் போற தண்ணியத் திருப்பிட்டாரு. பான் சுத்ரி வீட்டுக்கு வந்து தன்மையாத்தான் கேட்டாரு. இவரு ஒத்துக்கல. தண்ணிச் சங்கத்துல எல்லாரு முன்னாடியும் 'குடிகாரப் பய, பொய் சொல்றான்'னு ஏசிட்டாரு. அந்த மனுசன் மொகம் செத்துப்போச்சு. அதுக்கப்புறந்தான் மண்டபத்துல அவரு அப்படிச் சொன்னது."

நான் அம்மாவோடு சண்டை போட்டேன். சாகக் கிடக்கிறவளிடம் போய்ச் சண்டை. அப்புறம் யோசித்தேன். நம் வீட்டுப் பாட்டில் பான் சுத்ரிதான் கெட்ட அரசன். அவர் வீட்டில் ஒரு பாட்டு கட்டியிருந்தால், சபையில் அவமானப்பட்டு ஆறிய சோறு தின்றவர் அவராகத்தான் இருப்பார். நான் கேட்ட பாட்டு எல்லாவற்றிலும் முதல் தப்பு எதிராளி செய்ததுதான். தன் வீட்டில்தான் முதல் தப்பு என்று பாடுகிற ஒருத்தனையும் நான் பார்த்ததில்லை.

பாடாதே என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பாடு. செத்தவருக்கு நீ பாடுவது கேட்கப் போவதில்லை, அங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறவள் அந்தப் பெண். மூக்கு ஒழுகிக்கொண்டு நம் வீட்டு முருங்கைக்காய் கேட்டு வருவாளே, அவள்.

ரெனி


பாரிகி
ஜூலை 8, 1974

அக்கா,

கிடைத்தது. சாகிற நேரத்தில் அம்மாவுக்கு நினைவு தடுமாறியிருக்கும். நீ அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, அப்பா உயிரோடில்லாதபோது அவரைத் திருடனாக்குகிறாய். பான் சுத்ரி சிரிக்க வைத்தார், நீ கடிதம் எழுதுகிறாய்.

சாபத்தைப் பாடத்தான் போகிறேன். மனப்பாடம் ஆகிவிட்டது. இனி எழுத ஒன்றுமில்லை.

மாதே


பாரிகி
ஆகஸ்ட் 27, 1974

அக்கா,

எழுத ஒன்றுமில்லை என்று எழுதியவன் இப்போது காகிதம் போதாமல் இரண்டு பக்கமும் எழுதுகிறேன். சிரிக்காதே.

சடங்கு முடிந்தது. சிதைக்குக் கிளம்புவதற்கு முன்னால், வெயில் தாழ்ந்ததும், பந்தலில் பாட உட்கார்ந்தேன். பொருளையும் நானே சொல்வதாகப் பஞ்சார் தலைவரிடம் சொன்னேன். மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாடுறவனே பொருளும் சொல்றது எந்த ஊரு வழக்கம் மாதே? ஒருத்தர் பாடணும், ஒருத்தர் சொல்லணும். சுத்ரி சொல்லட்டும்" என்றார்.

"பொம்பளப் புள்ளையா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"ஒனக்குப் பழைய பாஷை தெரியுமா? தெரிஞ்சா வந்து உக்காரு. தெரியாட்டி வாய மூடு" என்று தலைவர் அவனை அடக்கினார்.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கையை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அவள் அப்பா வைப்பது போலவே. அவளுக்குப் பழைய மொழி தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பத்து வருடம் பேசாமல் இருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன தெரியும்? இந்தப் பெண்ணுக்கு முன்னால் அதைப் பாட வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பியது நினைவுக்கு வந்தது. பாடினேன்.

நான்கு பாட்டும் பாடினேன். என் குரல் அப்பா குரல் மாதிரியே இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். முடித்துவிட்டு அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பொருள் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"மறுபடி" என்றாள்.

பொருள் சொல்கிறவர் அப்படிக் கேட்டால் பாடியே ஆக வேண்டும், உனக்குத் தெரியும். மறுபடி பாடினேன். இரண்டாம் முறை அந்தச் சொற்கள் கனத்தன. அவள் கூட்டத்தைப் பார்த்து, அடிபட்டவள் மாதிரி இல்லாமல், சந்தையில் விலை சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்:

"என்ன சொல்றான்னா, 'உன் பொகைக்கு வழி தெரியாமப் போகட்டும். உன் பேரச் சொல்ல உன் வீட்டுல ஒரு நாக்கும் இல்லாமப் போகட்டும்.' செத்த ராஜாவப் பார்த்து இளவரசன் சொல்றது. எங்கப்பா இந்த எடத்துல ஒண்ணு சொல்லுவாரு, பாடுறவனுக்கு நெசமான கோவம் இல்லாட்டி இந்தப் பாட்டு நிக்காதுன்னு. இன்னிக்கு நின்னுச்சு. எங்கப்பா பேரு இ வாயன் குன்ச்சி. அடுத்த பாட்டு பாடுங்கண்ணே."

தன் அப்பாவின் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள், அக்கா. சாபத்தை நான் முழுதாகத்தான் போட்டேன். ஆனால் அந்த வீட்டு நாக்கே அதை எடுத்துச் சொன்ன பிறகு அந்தச் சாபத்துக்கு என்ன வேலை?

காங்கு மணிக்காரன் கட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான். எப்போதும் அதோடு முடியும் அல்லவா? நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நீ அனுப்பிய மிச்சத்தையும் பாடினேன். பாட வேண்டும் என்று வரவில்லை, அவள் கேட்டாள், பாடினேன். சூடான சோற்றை அவள் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்க வேண்டும். பேச்சே வராத கிழவர்கள்கூட "அடப்பாவமே" என்றார்கள். உன் கடிதத்தில் நீ எழுதிய அதே சொல். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

எல்லாம் எரிந்து, சாம்பலைக் கடலில் விட்டுத் திரும்பும்போது அவளிடம் கேட்டேன், "யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"நீங்கதான்" என்றாள். "சாயங்காலம் நீங்க பாடுவீங்கல்ல? அப்பா அடுப்ப அணைக்கச் சொல்லிடுவாரு, சத்தம் போடக் கூடாதுன்னு. வேலி ஓரம் வந்து உக்காந்துக்குவாரு. நீங்க ஒரு வரி பாடி நிறுத்துனதும் எங்கிட்ட மெதுவாப் பொருள் சொல்லுவாரு. தெனமும். நீங்க காய்ச்சல்ல படுத்த அன்னிக்கெல்லாம் அவருக்குச் சோறே எறங்காது."

பத்து வருடம். நான் பழிவாங்குவதாக நினைத்துப் பாடிக்கொண்டிருந்தேன். அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மடையைப் பற்றியும் கேட்டேன். "அப்பா அதப் பத்திப் பேசவே மாட்டாருண்ணே. 'நெசத்தச் சொல்றதுக்கும் ஒரு எடம் இருக்கு, நான் எடந்தெரியாமச் சொல்லிட்டேன்'னு ஒரு தடவ சொன்னாரு" என்றாள். அம்மாவுக்கு நினைவு தடுமாறவில்லை. உன்னைப் பேசியதற்கு மன்னித்துக்கொள்.

வருகிற அறுவடைக்குப் பிறகு ஊருக்கு வருகிறேன். கப்பல் இல்லாவிட்டால் படகிலாவது வருகிறேன். சுத்ரிக்கும் ஊரைப் பார்க்க ஆசை. ஏட்டை அவளுக்குக் காட்ட வேண்டும். அழைத்து வரட்டுமா? நீ சந்தோஷப்படுவாய் என்று நினைக்கிறேன். இதைத்தானே நீ முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாய்?

தம்பி,
மாதே


க்ளுங்குங்
செப்டம்பர் 30, 1974

மாதே,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். நீ அழுத இடத்தில் நானும் அழுதேன். அவள் அப்பா பெயரைச் சொன்ன இடத்தில், "சபாஷ்டி" என்று வாய்விட்டே சொன்னேன். வேலி ஓரத்துக்கு வந்தபோதுதான் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்லி எத்தனை பக்கம் எழுதினேன்! இளவரசன் முட்டாள், நெசவுக்காரி கெட்டிக்காரி என்றெல்லாம். எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவர் கடலுக்கு அந்தப் பக்கம் செத்துப்போனவர், எனக்கென்ன என்று இருந்தது. இப்போது எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு எந்தப் பாட்டிலும் இடி இடித்தது போதாது.

அந்த மனிதர் கேட்டிருக்கிறார், மாதே. பத்து வருடம், தினமும் சாயங்காலம், அப்பாவின் பாட்டை, அப்பாவின் குரலில். அப்பா வாயை மூடிய பிறகு நான் ஒரு வரி கேட்டதில்லை. அம்மாவும் கேட்காமலே போனாள். சாம்பலில் கிழங்கு தோண்டிக்கொண்டு, கரையான் வராமல் ஏட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, படித்துக்காட்ட ஆளில்லாமல் நான் இங்கே கிடந்தேன். வாயை அடைத்தவர் அங்கே அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவர்தான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவராகவே இருந்துவிட்டுப் போயிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நெசவுக்காரி அந்தத் துணியை நெய்யும்போது என்ன நினைத்தாள் என்று பாட்டில் ஒரு வரிகூட இல்லை. இன்றுதான் தேடிப் பார்த்தேன். அம்மா பாடியதிலும் இல்லை. நன்றாயிருக்கிறது என்று அவன் சொன்னபோது அவளுக்கு உள்ளுக்குள் எப்படி எரிந்திருக்கும் என்று நானாகத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அறுவடை முடிந்ததும் வா. மண்டபத்தில் வேண்டாம், என் வீட்டில், அடுப்படியில் உட்கார்ந்து எனக்காகப் பாடு. முதலில் எனக்கு, அப்புறம்தான் ஊருக்கு. அவளையும் அழைத்து வா. பாட்டு என்றால் பொருள் சொல்ல ஒருவர் வேண்டுமே. அவளுக்குப் பாய் போடுவேன், சோறு போடுவேன், ஏட்டையும் எடுத்துக் கொடுப்பேன்.

ஆனால் முதல் நாள் அவளோடு நான் பேச மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன். அவளிடமும் சொல்லிக் கூட்டி வா.

ரெனி